பழ ஈப் பொறிக்கான வாசனை எண்ணெய்: கையாளும் முறைகள்

மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயிகளுக்குக் காய் முற்றும் பருவத்தில் பெரும் தொல்லை கொடுப்பது பழ ஈ ஆகும். பெண் ஈ முற்றிய காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழுக்கள் சதையைத் தின்பதால் பழம் உள்ளேயே அழுகி உதிர்கிறது. முன்பருவ ரகங்கள் ஓரளவு தப்பிவிடும். கடைசியில் அறுவடைக்கு வரும் நீலம் போன்ற ரகங்களில் சேதம் அதிகம். புழு சதைக்குள் இருப்பதால், பழத்தின் மேல் தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை. இதனால் ஈக்களைக் கவர்ந்து அழிக்கும் பொறிகள் இன்று பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன.

இப்பொறிகளில் இடப்படும் கவர்ச்சிப் பொருள் மெத்தில் யூஜினால் என்னும் வாசனை எண்ணெய். கிராம்பு வாசனையுள்ள, நிறமற்ற அல்லது இளமஞ்சள் நிறத் திரவம் இது. வாசனைத் திரவியங்களிலும் உணவுப் பண்டங்களிலும் சேர்க்கப்பட்டு வந்த பொருள். பீகார் மாநிலம் பூசாவில் பணியாற்றிய பூச்சியியல் வல்லுநர் ஹெளலெட், இது பழ ஈக்களை ஈர்ப்பதை 1915-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

எண்ணெய் எவ்வாறு வேலை செய்கிறது?

இதனால் கவரப்படுபவை ஆண் ஈக்களே. இவை எண்ணெயை நக்கிக் குடிக்கின்றன. குடித்த எண்ணெயைக் கொண்டு, பெண் ஈக்களைக் கவரும் வாசனையைத் தம் உடலில் உண்டாக்குகின்றன. எனவே எண்ணெயைக் குடித்துவிட்டுப் பொறியில் சாகாமல் தப்பிய ஆண் ஈ, பெண் ஈயுடன் சேருவதில் முன்னைவிட வலுப்பெறுகிறது. எண்ணெயை மரத்தண்டில் தடவுவது, பொறியின் வெளிப்புறத்தில் சிந்துவது, வெறும் பஞ்சில் நனைத்துத் தொங்கவிடுவது ஆகியவை இதனால் நன்மைக்குப் பதில் தீமையே செய்யும். எண்ணெய் திரியில் மட்டும் இருக்க வேண்டும். வந்த ஈ வெளியே போகக் கூடாது.

கவனம் ஏன் தேவை?

நறுமணம் உள்ளதால் இது தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் வாய்வழி கொடுத்து நடத்திய ஆய்வில் கல்லீரலில் கட்டிகள் தோன்றின. இதன் முடிவுகள் 2000-ஆம் ஆண்டில் வெளியாயின. உணவில் சேர்க்கும் செயற்கை மணப்பொருள்கள் பட்டியலிலிருந்து அந்நாட்டு அரசு 2018-இல் இதை நீக்கியது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2023-இல் இதனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்த பொருள்கள் வரிசையில் சேர்த்தது.

இதைக் கேட்டுப் பொறி வைப்பதையே நிறுத்திவிட வேண்டியதில்லை. வீட்டுத் துளசியைக் கண்டு அஞ்சவும் தேவையில்லை. இலையில் இயற்கையாக உள்ள சிறிதளவு வேறு. சீசாவில் உள்ள செறிவான எண்ணெய் வேறு. எண்ணெய் தோலில் படாமலும், வாய்க்குள் போகாமலும், ஆவியை நெடுநேரம் சுவாசிக்காமலும் பார்த்துக் கொள்வதே முக்கியம்.

வாங்கும் போது

தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. ஏக்கருக்கு 10 பொறிகள் போதும். ஒரு திரிக்கு 2 மி.லி. என்று கொண்டால் ஏக்கருக்கு 20 மி.லி. தான் செலவாகும். இரண்டு ஏக்கர் தோப்புக்கு ஒரு லிட்டர் வாங்கி வைத்தால், மிச்சம் பல ஆண்டுகள் வீட்டில் கிடக்கும். எண்ணெய் ஏற்றப்பட்டுத் தயார் நிலையில் விற்கும் கட்டை அல்லது திரியை வாங்குவது சிறு விவசாயிகளுக்கு ஏற்றது. இதில் அளக்கவோ கலக்கவோ வேண்டியதில்லை.

பழைய குறிப்புகளில் இந்த எண்ணெயுடன் டைகுளோர்வாஸ் மருந்தைச் சேர்க்கும்படி கூறப்பட்டிருக்கும். அம்மருந்து 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய இருப்பு இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது.

கையாளும் போது

மரக்கட்டைகளை ஊற வைக்க எண்ணெயுடன் சாராவி சேர்ப்பதுண்டு. எண்ணெய் தனியாக எளிதில் தீப்பற்றாது. ஆனால் சாராவி சேர்ந்த கலவை நெருப்பைக் கண்டதும் பற்றிக்கொள்ளும். அடுப்பு, விளக்கு, பீடி, சிகரெட் எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

எந்த வேலையானாலும் வீட்டுக்குள் செய்யாமல், காற்றோட்டமான வெளியிடத்தில் செய்ய வேண்டும். ரப்பர் கையுறை அணிய வேண்டும். கையுறை போட்ட கையால் பொறியின் வெளிப்புறத்தைத் தொடக் கூடாது. அதில் வாசனை ஒட்டினால் ஈக்கள் உள்ளே நுழையாமல் வெளியிலேயே மொய்க்கும். வேலை முடியும் வரை உண்பதோ, வெற்றிலை போடுவதோ, புகைப்பதோ கூடாது. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இவ்வேலையில் ஈடுபடுத்தக் கூடாது.

பூச்சிமருந்து சேர்க்காமலும் பொறி செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேற்பாதியில் எதிரெதிரே 2 செ.மீ. அகல ஓட்டைகள் இட்டு, எண்ணெய்த் திரியை உள்ளே தொங்கவிட வேண்டும். அடியில் சிறிது சோப்புத் தண்ணீர் ஊற்றினால் ஈக்கள் அதில் விழுந்து சாகும். திரி தண்ணீரில் படக் கூடாது. ஐந்து அல்லது ஆறடி உயரத்தில், நிழலுள்ள கிளையில் கட்டலாம்.

எண்ணெய் தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான நீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், சீசாவின் லேபிளுடன் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சேமிப்பு

வாங்கிய சீசாவிலேயே இறுக மூடி, லேபிள் கிழியாமல் வைக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் கறுத்துவிடும். குளிர்பான பாட்டிலிலோ, தேங்காய் எண்ணெய் சீசாவிலோ ஒருபோதும் ஊற்றி வைக்கக் கூடாது. வாசனை நன்றாக இருப்பதால் குழந்தைகள் குடித்துவிடும் அபாயம் அதிகம். விதை, தீவனம், உணவுப் பொருள்கள் இல்லாத குளிர்ந்த இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

கழிவுகளை அகற்றுதல்

எண்ணெய் சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடக் கூடாது. இது தண்ணீரில் அநேகமாகக் கரையாது. நீரை விடச் சற்று கனமானதால் அடியில் தங்கும். மணல், சாம்பல் அல்லது மரத்தூளைப் போட்டு உறிஞ்சச் செய்து, சுரண்டி எடுத்துத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டும்.

கட்டிய பொறிகளை எண்ணி வைத்துக் கொண்டு, பருவம் முடிந்ததும் அத்தனையையும் திரும்ப எடுத்துவிட வேண்டும். பழைய கட்டை, திரிகளை வாய்க்காலில் வீசுவதும், வீட்டு அடுப்பில் எரிப்பதும் தவறு. மருந்து கலந்த பொறியில் செத்த ஈக்களைக் கோழிகளுக்குப் போடக் கூடாது. காலிச் சீசாவை வேறெதற்கும் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். தண்ணீரால் அலசினால் மட்டும் அது சுத்தமாகிவிடாது. இவற்றை வாங்கிய கடையில் திரும்ப ஒப்படைப்பது நல்லது. முடியாத இடங்களில், 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் காலிக் கலன்களுக்குக் கூறுவது போல, உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும். அந்த இடம் கிணறு, வாய்க்கால், மீன் வளர்க்கும் குட்டை ஆகியவற்றுக்கு அருகில் இருக்கக் கூடாது.

பொறி மட்டும் போதாது

பொறியில் விழுவது ஆண் ஈ. பழத்தைக் கெடுப்பது பெண் ஈ. ஆகவே உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். மரத்தடியைக் கொத்திவிட்டால் மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளாலும் அழியும். இதற்கு எண்ணெயும் வேண்டாம், பணச் செலவும் இல்லை. அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் ஒரே வாரத்தில் பொறி கட்டிப் பழம் பொறுக்கினால், வாங்க வேண்டிய எண்ணெயின் அளவும் குறையும். நீலத்துக்கு நல்ல விலையும் கிடைக்கும்.