பெட்பான் வைக்கவும் ஒரு பரீட்சை

நோயாளிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்ததைப் பெருமையோடு சொல்லிக்கொள்வோர் உளர். அவர் மலசலம் கழிக்க உதவியதை நாலு பேர் முன்னிலையில் எடுத்துரைப்போர் அரியர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் இதென்ன பேச்சு என்று முகஞ் சுளிக்கும் வாசகர்களும் இருக்கலாம். ஆயினும், எழுந்து நடக்க இயலாத முதியவர் ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உணவூட்டுவதும் உடல் துடைப்பதும் பழகிவிடும். இந்த ஒன்றுதான் பழகுவதில்லை என்பார்கள்.

என் பெரியம்மா தமது இறுதி மாதங்களில், பொழுது சாய்ந்த பின் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தமாட்டார். கேட்டால் தாகமில்லை என்பார். உண்மைக் காரணம் எமக்கு விளங்க வெகுநாட் சென்றது. இரவில் மருமகளை எழுப்பிப் பெட்பான் கேட்க அவருக்கு வெட்கம். நீர் குறைந்ததால் மலச்சிக்கல் உண்டாயிற்று; சிறுநீரிலே கிருமி சேர்ந்து காய்ச்சலும் வந்தது. வைத்தியர் மருந்து தந்தார். வெட்கத்துக்கு மருந்து தர அவரால் இயலவில்லை.

இந்த வெட்கத்தையும் கணக்கில் எடுத்து, அதற்கெனப் பாடமும் பரீட்சையும் வகுத்திருக்கின்றார்கள் அமெரிக்காவிலே. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவ நிறுவகம் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கையொன்று வெளியிட்டது. அதன் வழியாக 1987இல் ஒரு சட்டம் பிறந்தது. அரசாங்கப் பணம் பெறும் அவ்வில்லங்களிலே தாதி உதவியாளராகப் பணிபுரிவோர் 75 மணித்தியாலத்துக்குக் குறையாத பயிற்சி பெற்று, பரீட்சையிலும் தேறவேண்டும் என அது விதித்தது. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் அதனை 160 மணித்தியாலமாக உயர்த்தியுள்ளன. இவ்வுதவியாளர் தாதியர் அல்லர். தாதியரின் மேற்பார்வையில் குளிப்பாட்டல், உடுத்தல், ஊட்டல், படுக்கை விரித்தல் முதலிய அன்றாடப் பணிகளைச் செய்பவர்கள். பேசும் முறை, தொற்றுத் தடுப்பு, முதியோரின் உரிமைகள் ஆகியவற்றை 16 மணித்தியாலமாவது கற்ற பின்னரே அவர்கள் ஒரு நோயாளியைத் தொடலாம்.

பரீட்சையில் எழுத்துப் பகுதி ஒன்று; செய்முறைப் பகுதி மற்றொன்று. செய்முறைக்கு என்ன வருமென்று முன்கூட்டித் தெரியாது. நீண்ட பட்டியலிலிருந்து சில செயல்கள் பொறுக்கித் தரப்படும். பல மாநிலங்களில் அவை ஐந்து. கை கழுவுதல் அவற்றுள் தப்பாது இருக்கும். பெட்பான் வைத்தல் வந்தாலும் வரலாம். பரீட்சகர் கையிற் காகிதத்துடன் வாய் திறவாது நிற்பார். கட்டிலிலே நோயாளியாகப் படுத்திருப்பவர் பல இடங்களில் இன்னொரு பரீட்சார்த்திதான். அவர் உடுத்த உடையோடு படுத்திருக்க, அதன் மேலேயே பான் வைக்கப்படும்.

இதிலென்ன பரீட்சை, பானை வைத்து எடுப்பதுதானே என்று தோன்றும். பரீட்சகரின் காகிதத்தைப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறும். அதிலுள்ள வரிகளுட் பானை நேரே தொடுபவை சிலவே. முதலில் நோயாளியின் முகம் நோக்கி, இன்னது செய்யப் போகின்றேன் என்று சொன்னாரா? திரைச்சீலையை இழுத்து மறைத்தாரா? பானை வைக்கும்போதும் எடுக்கும்போதும் தவிர மற்றெல்லா நேரமும் உடலைப் போர்த்தி வைத்தாரா? துடைக்கும் காகிதம் எட்டும் தூரத்தில் உண்டா? நோயாளி தம் கைகளைத் துடைத்துக்கொள்ள ஈரத்துணி கொடுத்தாரா? அழைப்பு மணியைக் கைக்கெட்ட வைத்து, முடிந்ததும் அழையுங்கள் என்று சொன்னாரா? பெரியம்மாவுக்கு நாங்கள் செய்யத் தவறிய அனைத்தும் அந்தக் காகிதத்தில் வரிசையாக இருக்கின்றன.

கையுறை விஷயம் பரீட்சார்த்திகளை மிகவும் தடுமாறச் செய்வது. கையுறை அணிந்து பானை வைத்தாயிற்று. உடனே அதைக் கழற்றி எறிந்து, கை கழுவி, அதன் பின்னரே கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும். மீண்டும் எடுக்க வரும்போது புதிய கையுறை. இது வீண் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அழுக்குக் கையுறை அணிந்தவரைக் காக்கும். அவர் அதே கையாற் பற்றுகின்ற கட்டிற் கம்பியையும், திரைச்சீலையையும், மணியையும் காக்காது. அடுத்து அவற்றைத் தொடுபவருக்கு நோய் போய்ச் சேரும். கொடிய வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சி. டிபிசில் என்னும் கிருமியின் வித்துக்கள் மதுசாரத் திரவத்தாலும் மாய்வதில்லை. சவர்க்காரமும் ஓடும் நீருமே அவற்றைக் கையினின்று அகற்றும்.

தலைப்பக்கத்தை உயர்த்துவதற்கும் காரணமுண்டு. மல்லாந்து கிடந்தபடி மலங்கழித்துப் பார்த்தவர்களுக்கு அது புரியும். உடல் உட்கார்ந்த நிலையையே நாடும். ஆனால் வைக்கும்போதும் எடுக்கும்போதும் தலைப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும்; இல்லையேல் இடுப்பின் பாரமெல்லாம் பானின் மேல் இறங்கும். நோயாளியால் முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்த முடிந்தால் எளிது. முடியாதவரை ஒருபுறம் சரித்து, பானைப் பின்புறத்தோடு ஒட்டப் பிடித்து, பிடியை விடாமலே திரும்ப மல்லாத்த வேண்டும். அகன்ற தட்டை விளிம்பு முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கென முன்புறம் மெலிந்த சிறு பான் ஒன்று உண்டு. அதன் மெலிந்த பக்கம் உடலின் கீழ்ச் செல்ல, கைப்பிடி காலை நோக்கியிருக்கும். எந்தப் பானாயினும் இழுத்தெடுத்தல் கூடாது. முதியோரின் தோல் வெங்காயத் தோல் போன்றது, இழுத்தால் உரிந்துவிடும்.

பயிலுவது எப்படி? முறைகளை மனப்பாடஞ் செய்து ஒப்புவிப்பவர் பலர்; பரீட்சை மண்டபத்தில் கை நடுங்கியதும் பாதி மறந்து போகும். கட்டிலும் இன்னொருவரும் இருந்தாற் போதும், வீட்டிலேயே பயிலலாம். கட்டிலின் தலைப்பக்கம் உயராதெனின் தலையணைகளை அடுக்கியும் எடுத்தும் அதைச் செய்து காட்டலாம். ஒவ்வொன்றையும் செய்யும்போதே நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். அது அவருக்கும் நல்லது, தன் நினைவுக்கும் நல்லது. வெறும் பானோடு பழகியவர்கள் அதைச் சரித்துத் தூக்கிக்கொண்டு நடக்கின்றார்கள். ஆகவே, எடுத்த பின் அதில் ஒரு கோப்பை நீர் ஊற்றி, மூடி, கழிவறை வரை கொண்டுபோய்க் கொட்டி அலசிப் பழகுதல் நன்று. உண்மை நோயாளியாயின் கொட்டுமுன் உள்ளே பார்க்கவும் வேண்டும். இரத்தமோ, கரிய நிறமோ கண்டால் தாதிக்கு அறிவிப்பது உதவியாளரின் கடன்.

எல்லாவற்றினும் மேலான பயிற்சி தானே படுத்துப் பார்ப்பது. என் தமக்கையின் மகள் அமெரிக்காவில் இப்பரீட்சைக்குப் படித்தபோது அவள் கணவரே நோயாளியாகப் படுத்தார். முதல் நாள் இருவருக்கும் ஒரே சிரிப்பு. மூன்றாம் நாள் அவரைப் பானின் மேல் விட்டுவிட்டு, காகிதம் எடுக்கவென்று அவள் அடுத்த அறைக்குப் போனாள். தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்து தாயார். பேச்சு வளர்ந்தது. அவர் விளையாட்டுக்காகவாவது எழுந்திருக்கலாம். ஆனால் நோயாளி எழமாட்டாரே என்று முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். முதுகெலும்பின் அடியில் விளிம்பு அழுத்தியது. கூப்பிடவும் கூச்சமாக இருந்ததாம், சொந்த வீட்டில், சொந்த மனைவியை. கால்மணி நேரங் கழித்து அவள் திரும்பி வந்தபோது, “நீ பரீட்சையில் தவறிவிட்டாய்” என்று மட்டும் சொன்னார்.

மணியை அவள் வைக்க மறந்திருந்தாள். மறுநாள் பயிற்சி தொடங்குமுன், சமையலறையிலிருந்து ஒரு கரண்டியும் எவர்சில்வர்க் கிண்ணமும் கொண்டுவந்து அவர் வலக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.