கடல் கடந்த சலங்கை ஒலி

ஆடவல்லானாகிய கூத்தப்பெருமானைத் தொழும் நம் சமயத்தில் ஆடலும் ஒரு வழிபாடே. கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டப்புற ஆலயங்களில், திருவிழா இரவுகளில் நம் செல்வியர் சலங்கை கட்டி ஆடும்போது அம்மரபே தொடர்கின்றது. அதே மரபை ஐரோப்பியக் கலைஞர்கள் எவ்வாறு கண்டனர் என்பது அறியத்தக்க வரலாறாகும்.

போர்த்துக்கீசிய மொழியில் 'ஆடுபவள்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது 'பயதேர்' என்னும் பிரெஞ்சுச் சொல். நம் ஆலய நர்த்தகியரை ஐரோப்பியர் அப்பெயராலேயே அழைத்தனர். ஜெர்மானியக் கவிஞர் கதே, 1797ஆம் ஆண்டில் இந்திய நடன மங்கை ஒருத்தியைக் கதைப்பாடலின் தலைவியாக்கினார். அக்கதையைத் தழுவிய இசை நாடகம் 1830ஆம் ஆண்டில் பாரிஸில் அரங்கேறியது. இவையாவும் நேரிற் காணாது கற்பனையில் தீட்டிய ஓவியங்களே.

1838ஆம் ஆண்டில் மெய்யான நர்த்தகியரே பாரிஸ் சென்றடைந்தனர். கடலூரை அடுத்த திவ்விய தேசமாகிய திருவயிந்திரபுரத்துத் தேவரடியார்களான தில்லையம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், சிறுமி வேதம் ஆகிய ஐவருடன் மூன்று இசைவாணர்களும் சென்றனர். எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே அவர்களைப் பாராட்டி எழுதினார். சிற்பி ழான் ஒகுஸ்த் பார், அம்மணியின் ஆடற்கோலத்தைச் சிறு வெண்கலச் சிலையாக வடித்தார். அச்சிலை அவரது பெயராலேயே இன்றும் அறியப்படுகின்றது.

எனினும் கற்பனை மீண்டும் தலைதூக்கியது. 1877ஆம் ஆண்டில் ரஷ்யாவில் அரங்கேறிய 'லா பயதேர்' நடன நாடகத்தின் தலைவி ஆலய நர்த்தகியே; ஆயினும் அவள் ஆடியது நம் ஆடலன்று, ஐரோப்பியரின் பாலே நடனமே. 1906ஆம் ஆண்டில் கம்போடிய அரசவை நர்த்தகியரைக் கண்ட சிற்பி ரொதேன், அவர்களைப் பின்தொடர்ந்து மார்செய் நகர் வரை சென்று, சில நாட்களில் ஏறத்தாழ 150 சித்திரங்களை வரைந்தார். கையும் மெய்யும் வளையும் அழகு அவற்றில் நிலைபெற்றது; ஆடியவர் பெயர்களோ பெரும்பாலும் மறைந்தன.

அழகைப் போற்றுவோர் பலர். ஆடுபவரின் பெயரைப் போற்றுவோர் சிலரே. நம் திருவிழா அழைப்பிதழ்களிலும் உபயகாரர் பெயர்கள் வரிசையாக விளங்க, ஆடும் பிள்ளைகள் 'பரதநாட்டிய நிகழ்ச்சி' என்னும் ஒரு வரிக்குள் அடங்கிவிடுவதுண்டு. ஆலய நிர்வாகத்தினரும் உபயகாரப் பெருமக்களும் அச்செல்வியரின் பெயரையும் அவர்தம் ஆசிரியர் பெயரையும் பொறித்தல் வேண்டும். இறைவன் திருமுன் ஆடும் அடியவரை அறிந்து போற்றுதலும் திருத்தொண்டேயாகும்.