புள்ளிவிபர மென்பொருளும் அறிவின் உடைமையும்

எண்கள் பக்கஞ்சாராதவை என்னும் கருத்து சமூக ஆய்வாளர் பலரிடம் ஆழ வேரூன்றியுள்ளது. தரவுகளைக் கணனியில் இட்டால் முடிவு தானே வெளிப்படும் என்றும், அதில் மனிதச் சார்பு எதுவும் கலவாது என்றும் அவர்கள் நம்புகின்றனர். ஆனால், தரவுக்கும் முடிவுக்கும் இடையே நிற்கும் புள்ளிவிபர மென்பொருள் மனித உழைப்பின் விளைவாகும். அது குறிப்பிட்ட உடைமை உறவுகளுக்குள் தோன்றி வளர்ந்தது. அவ்வுறவுகளைக் கருத்திற் கொள்ளாது அது தரும் முடிவுகளைச் சரிவர மதிப்பிடுதல் அரிது.

இத்துறையின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும். எஸ்.ஏ.எஸ். என்னும் மென்பொருளை 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள், பயிர்ச்செய்கைப் பரிசோதனைத் தரவுகளைப் பகுத்தாய்வதற்காகப் பொதுப்பணத்தின் துணையுடன் வளர்த்தெடுத்தன. வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம் அம்முயற்சியின் மையமாக விளங்கியது. 1976இல் அது தனியார் நிறுவனமொன்றின் பண்டமாயிற்று. சமூக அறிவியலாளர் நன்கறிந்த எஸ்.பி.எஸ்.எஸ்., 1968இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலே நோர்மன் நீ என்ற அரசறிவியல் ஆய்வு மாணவரும் அவர்தம் சகாக்கள் இருவரும் உருவாக்கியது. 1975இல் அதற்கென நிறுவனம் அமைந்தது. 2009இல் ஐ.பி.எம். அதனை ஏறத்தாழ 120 கோடி டொலருக்கு வாங்கிக்கொண்டது. பல்கலைக்கழகத்தின் கூட்டு உழைப்பிற் பிறந்த கருவி தனியுடைமையாகி, உரிமக் கட்டணத்துடன் அதே பல்கலைக்கழகங்களுக்கு விற்கப்படுவதை இங்கு காண்கிறோம்.

இதற்கு எதிரான போக்கும் தோன்றாமலில்லை. 1976 அளவில் பெல் ஆய்வுகூடங்களில் ஜோன் சேம்பர்சும் பிறரும் ‘எஸ்’ என்னும் கணனிமொழியை உருவாக்கினர். பின்னர் அது ‘எஸ்-பிளஸ்’ என்ற பெயரில் வணிகப் பொருளாயிற்று. அம்மொழியைத் தழுவி, நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொஸ் இஹாக்காவும் றொபேட் ஜென்ரில்மனும் 1990களின் தொடக்கத்தில் ‘ஆர்’ என்பதை உருவாக்கினர். 1995இல் அது பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் அதே உரிமையோடு வழங்கல் வேண்டும். எனினும் இதனை முதலாளித்துவத்துக்குப் புறம்பானதெனக் கொள்ளல் தவறு. தொண்டர்களின் ஊதியமற்ற உழைப்பின் பயனைப் பெருநிறுவனங்களும் நுகர்கின்றன.

உடைமைப் பிரச்சினை அறிவுப் பிரச்சினையாகவும் இருப்பதை 2002இல் நிகழ்ந்த ஒன்று உணர்த்துகிறது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், வளியிற் கலந்த நுண்துகள்களுக்கும் நாளாந்த இறப்புகளுக்கும் உள்ள தொடர்பை 90 அமெரிக்க நகரங்களின் தரவுகள் கொண்டு ஆராய்ந்திருந்தனர். ஒரு கனமீற்றர் வளியில் துகளளவு 10 மைக்கிரோகிராம் கூடினால் இறப்பு 0.41 வீதம் உயரும் என்பது அவர்களது முடிவு. அவர்கள் பயன்படுத்திய எஸ்-பிளஸ், விடையைப் படிப்படியாக அணுகும் கணிப்பைச் செய்தது. அக்கணிப்பை எப்போது நிறுத்துவது என்பதற்கு மென்பொருளில் முன்கூட்டியே இடப்பட்டிருந்த அளவு, இத்தகைய தரவுகளுக்குப் போதிய நுட்பமுடையதன்று. அவ்வளவை இறுக்கியபோது விடை 0.27 வீதமாயிற்று; வேறொரு முறையில் 0.21 வீதமாயிற்று. ஆய்வாளர் தாமே இதனை வெளியிட்டுத் திருத்தினர். மாசு உயிரைக் குடிக்கிறது என்ற அடிப்படை முடிவு மாறவில்லை. ஆனால், வளி மாசுக்கான சட்ட எல்லைகள் மீளாய்வு செய்யப்பட்ட அக்காலத்தில், அவ்வெல்லைகளை எதிர்த்த தொழிலதிபர் தரப்புக்கு இத்தகைய பிசகு எவ்வளவு வாய்ப்பானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். அவ்வளவு மறைக்கப்பட்டிருக்கவில்லை, பயன்படுத்துவோர் அதனை மாற்றியிருக்கலாம். எவரோ ஒருவர் தெரிந்தெடுத்த எண், பொருளின் இயற்கைக் குணம்போலத் தோன்றியதே பிரச்சினை. மனித உறவுகள் பொருள்களின் பண்புகளாகத் தோற்றுவதை மார்க்ஸ் பண்ட வழிபாடு என விளக்கினார். அவ்விளக்கம் இதற்கும் பொருந்தும். எனவே, மூலநிரல் திறந்திருத்தல் இன்றியமையாதது. ஆயினும் அதுமட்டும் போதாது. எந்த விசையை அழுத்துவது என்பதோடு நின்றுவிடும் ஆய்வுமுறைக் கல்வி, உள்ளே நிகழ்வதை விளக்கும் கல்வியாக மாறவேண்டும். கட்டுரைகள் தமது முடிவுகளோடு மென்பொருளின் பதிப்பையும் தெரிந்தெடுத்த அளவுகளையும் கட்டளை நிரல்களையும் வெளியிடல் வேண்டும். பிறர் சரிபார்க்க இயலாத எண், எத்தனை தசமதானங்களுடன் அச்சாகினும், விஞ்ஞானமாகாது.