பூசை நடுவே எழுந்து போன பையன்

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, நாம் பிரசங்கம் செய்துகொண்டிருக்கையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் முன்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனான். அடுத்த ஞாயிறும் அவ்வாறே. மறைக்கல்வி வகுப்பில் பிற மாணவர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டோம். அதன்பின் அவன் கோயில் பக்கமே வரவில்லை.

இரு வாரம் கழித்து அவன் தாயார் வந்தார். "சாமி, அவன் வேண்டுமென்று போகவில்லை. அடக்க முடியாமல்தான் போகிறான்" என்றார். நாம் வெட்கினோம். அன்று மாலையே வீட்டிற்குச் சென்று அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் இசைவுடனேயே இதனை எழுதுகிறோம்.

அவனுக்கு வந்திருப்பது குரோன் நோய். 1932-இல் நியூயார்க் மருத்துவர் குரோனும் அவருடைய தோழர் இருவரும் இதனை விவரித்து எழுதினர். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. வலி, பேதி, மெலிவு ஆகியவற்றோடு, வளரும் பருவத்தில் உயரமும் தடைப்படலாம். தொற்றுநோயன்று. முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு. குடல் காசநோயும் ஏறத்தாழ இதே குறிகளைக் காட்டுவதால், நம் நாட்டில் மருத்துவர்களும் தடுமாறுகின்றனர். இவனும் பல மாதம் காசநோய் மருந்தை உண்ட பின்னரே உண்மை தெரிந்தது.

ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பியது. வகுப்பில் "இட்லி" என்று பெயர் வைத்தார்கள். பையன் மாத்திரைகளை இரகசியமாகக் கிணற்றடியில் எறியத் தொடங்கினான். பல வாரம் உண்ட இம்மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர்தாம் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். தாயார் இதைக் கண்டுபிடித்தபோது அடிக்கவில்லை. மருத்துவரிடம் அவனையே பேசவிட்டு, தாம் வெளியே அமர்ந்திருந்தார். அளவு குறையக் குறைய முகம் வற்றிவிடும் என்பதை அன்றுதான் அவன் அறிந்தான். பெற்றோரே, பதினைந்து வயதுப் பிள்ளை தன் மலத்தைப் பற்றித் தாய் எதிரில் பேசக் கூசுவான் என்பதை நாம் எண்ணுவதில்லை.

வீட்டில் வேறு சிக்கல்களும் இருந்தன. ஒருசந்தி இருந்தால் குணமாகும் என்றார் பாட்டி. பதினெட்டு வயது நிறையாதவனை ஒருசந்தி கட்டாது. நோயாளியை எவ்வயதிலும் கட்டாது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதியும் நோயாளியையோ அவரைப் பேணுவோரையோ கட்டாது என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். தந்தையாரோ, மகன் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவான் என்று நேர்ந்துகொண்டிருந்தார்! பொருத்தனை, செய்தவரை மட்டுமே கட்டும் என்று எடுத்துச் சொன்னோம். அவர் நடந்தார், மகன் பேருந்தில் போய்ச் சேர்ந்தான்.

பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்தோம். கதவருகே இடமும், கேளாமலே வெளியே செல்லும் அனுமதியும் கிடைத்தன. திரும்பும் வழியில்தான் நம் கோயில் கழிப்பறை நினைவுக்கு வந்தது. அது எப்போதும் பூட்டியே கிடக்கும்; சாவி உபதேசியார் இடுப்பில்.

இப்போது அங்கே பூட்டு இல்லை. பையன் பக்கவாசல் அருகே அமர்கிறான். பிரசங்கம் நீளும் நாட்களில் சற்று அதிகமாகவே எழுந்து போகிறான். காரணம் நாம் கேட்பதில்லை.