தீபாவளியன்று ஒரு ஜெர்மன் ரொட்டிக் கடையில்

2024-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. அப்போது நானும் என் மனைவியும் டில்லியிலிருந்து ஜெர்மனிக்குப் போய், பஸ்ஸாவ் என்ற ஊரில் பெண் வீட்டில் தங்கியிருந்தோம். டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடும் அழகான ஊர் அது. எண்ணெய் ஸ்நானம் ஆனதும், "அப்பா, இந்த வருஷம் தீபாவளி பட்சணம் இந்த ஊர்க் கடையில்தான், வாங்க" என்று பெண் கிளப்பினாள். வெளியே நல்ல குளிர், விடியக்கூட இல்லை. ரொட்டிக் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது.

மறுநாள் நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். பவேரியா மாநிலத்தில் அன்று விடுமுறை. குடும்பத்தோடு கல்லறைக்குச் சென்று, பூ வைத்து விளக்கேற்றி, இறந்தவர்களை நினைப்பார்கள். ஞானப் பெற்றோர் தம் ஞானக் குழந்தைகளுக்கு 'ஷ்ட்ரீட்ஸல்' என்ற இனிப்பு ரொட்டியைக் கொடுப்பதும் உண்டு. மைதா, பால், வெண்ணெய், முட்டை, ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, தலைப்பின்னல் போலவே பின்னிச் சுடுகிறார்கள். துக்கத்தில் பெண்கள் பின்னலை அறுத்து வைத்த பழங்கால வழக்கத்தின் மிச்சம் இது என்று சொல்வார்கள்.

என் மனைவி முட்டை சாப்பிடமாட்டாள். அவளுக்காகக் கம்பு போன்ற கருநிற 'ரை' மாவு ரொட்டி வாங்கினோம். வாசனை எங்கோ பழகியதாக இருந்தது. கேட்டால், கொத்தமல்லி விதையும் சோம்பும் போட்டிருக்கிறார்களாம்! நாம் உறைமோர் எடுத்து வைப்பது போல, புளித்த மாவில் கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த நாள் மாவைப் புளிக்க வைக்கிறார்கள்.

ரொட்டிக்காரருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். இரவு இரண்டு மணிக்கே வேலையைத் தொடங்குபவர். அவர் சொன்னதைப் பெண் தமிழில் சொன்னாள்: "கிறிஸ்துமஸோடு கடையை மூடுகிறாராம். பையன் கார் தொழிற்சாலையில் இருக்கிறானாம். அவன் மேல் குறை இல்லை என்கிறார்."

ஜெர்மனியின் ரொட்டிப் பண்பாடு 2014-இல் அந்நாட்டின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் 1950-களில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருந்த இத்தகைய கடைகள், 2022 முடிவில் பத்தாயிரத்துக்கும் கீழே போய்விட்டன.

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கும்பகோணத்தில் என் அப்பா பட்சணக் கடை வைத்திருந்தார். 1991 தீபாவளியோடு மூடினார். "கடைசித் தீபாவளி, ஒரு நடை வந்துவிட்டுப் போ" என்று இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தார். லீவு கிடைக்கவில்லை என்று பதில் எழுதினேன். உண்மையில் நான் லீவே கேட்கவில்லை. அப்பா அதைப் பற்றி மறுபடி பேசியதே இல்லை.

வீடு திரும்பும் வழியில் முதல் முறையாக இதைப் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை கல்லறைப் பக்கம் அழைத்துப் போனாள். வரிசை வரிசையாகச் சிவப்பு விளக்குகள். அப்பாவை நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நாங்கள் டில்லி திரும்பிய பின், டிசம்பரில் பெண் போன் செய்தாள். கடை மூடும் நாளன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வந்தாளாம். நான் சொல்லி அல்ல.

அன்பர்களே, ஊரிலிருந்து யாராவது "ஒரு நடை வந்துவிட்டுப் போ" என்றால், தயவுசெய்து முதலில் லீவுக்கு எழுதிக் கொடுங்கள்.