குதிரைக்கு எதிரே நின்ற ஈட்டி

மீண்டும் களத்தில் – 11

சென்ற வாரம் உங்களை ஸ்காட்லாந்தில், எக்ளிண்டன் கோட்டை வாசலில், கொட்டும் மழையில் நிறுத்திவிட்டு வந்தேன். 1839 ஆகஸ்ட் மாதம். இரும்புக் கவசம் பூட்டிக் குதிரையேறி, எதிரெதிரே பாய்ந்து ஈட்டியால் மோதும் பழைய வீர விளையாட்டை மறுபடி நடத்திக் காட்டுகிறேன் என்று அந்த ஊர்ப் பிரபு கூப்பிட, ஒரு லட்சம் பேர் கூடினார்கள் என்று கணக்கு. வானம் பொத்துக்கொண்டது. கவசத்தோடு குடை பிடித்து நின்ற பிரபுக்கள் கேலிச்சித்திரக்காரர்களுக்கு விருந்தானார்கள்.

அதைப் படித்துவிட்டுக் குற்றாலத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். “மழைக்குப் பயந்தால் எங்கள் ஊரில் சீசனே கிடையாது. அது போகட்டும், இப்போது நடக்கும் போட்டிகளில் மழை வந்தால் என்ன செய்கிறார்கள்? நம் பக்கம் இந்த விளையாட்டு ஏன் வரவில்லை?”

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. தரை வழுக்கினால் ஓட்டம் கிடையாது. இன்றைய போட்டியாளர்கள் தங்கள் எலும்பைக்கூடப் பணயம் வைப்பார்கள், குதிரையின் காலை வைக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம் ஈஸ்டரையொட்டி நடத்தும் போட்டிக்குப் பல நாட்டு ஆட்கள் வருகிறார்கள். ஆணும் வருகிறார்கள், பெண்ணும் வருகிறார்கள். பிரபுக் குலத்தில் பிறந்திருக்க வேண்டிய கட்டாயமெல்லாம் போய்விட்டது. பணம்தான் வேண்டும். உடம்புக்கு அளவெடுத்து அடித்த கவசம், பழக்கிய குதிரை, அதைக் கட்டித் தீனி போட இடம் என்று செலவு நீண்டுகொண்டே போகும்.

ஓட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும். இருவருக்கும் நடுவே நீளவாட்டில் ஒரு மரத் தடுப்பு. வலது கையில் இடுக்கிய ஈட்டி, குதிரையின் கழுத்துக்குக் குறுக்காகச் சாய்ந்து இடப்பக்கம் வரும் எதிராளியை நோக்கி நீளும். தலைக்கவசத்தில் பார்ப்பதற்கு இருப்பது விரலகல இடுக்கு. உள்ளே தன் மூச்சு தனக்கே இரைச்சலாகக் கேட்கும். ஈட்டியின் நுனிப் பகுதியைப் பல போட்டிகளில் பால்சா என்ற லேசான மரத்தால் செய்கிறார்கள். கேடயத்தில் பட்டதும் அது சிதற வேண்டும், சிதறினால் புள்ளி. அந்தச் சிதறலுக்கு ஒரு ராஜாவே பலியாகியிருக்கிறார். 1559-ல் பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றி, ஒரு கல்யாணக் கொண்டாட்டத்தில் இப்படி மோதியபோது, உடைந்த ஈட்டியின் சிம்பு கண்ணிடுக்கு வழியாக ஏறிவிட்டது. பத்து நாள் கிடந்து இறந்தார். 2016-ல் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு இதை ஒலிம்பிக்கில் சேர்க்கச் சொல்லிக் குரல் கொடுத்தது. ஒலிம்பிக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. அதற்குத் தென்காசியில் இருந்துகொண்டேதான் பதில் சொல்ல வேண்டும்.

குதிரை நம் மண்ணின் பிராணி அல்ல. பாண்டியர்களுக்குக் குதிரை கப்பலில் வந்தது. பொருநை கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அரபுநாட்டு, பாரசீகக் குதிரைகள் இறங்கியதை 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குவார்களாம், வருடக் கடைசியில் பாதிகூட மிஞ்சாதாம். வைத்தியம் தெரிந்த ஆளும் இல்லை, லாடம் அடிக்கும் ஆளும் இல்லை. அப்படிப்பட்டவர்களை வியாபாரிகள் வேண்டுமென்றே அழைத்து வருவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும் என்கிறார் அவர். இங்கே குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்கள் என்று வேறு எழுதியிருக்கிறார். அதைப் படிக்கையில் குதிரைகள்மேல் பரிதாபம்தான் வருகிறது.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மிருகத்தை விளையாட்டுக்காக இன்னொரு குதிரைக்கு எதிரே விரட்டி மோதவிட யாருக்கு மனசு வரும்? கல்லில் வேண்டுமானால் ஓட்டினோம். ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே இருக்கிறவன் ஈட்டியைப் புலிமேல் இறக்குகிறான். குதிரை வயிற்றுக்கடியில் காலாட்கள் நிற்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் குதிரையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கீழே நிற்கிற ஆட்கள்மேல்தான் கண்.

அவர்களிடம் போவதற்கு முன், குதிரைமேல் ஈட்டி பிடிக்கும் விளையாட்டு இந்தியாவில் இன்றும் உயிரோடு இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். டென்ட் பெக்கிங். வடக்கே நேஸா பாஸி என்பார்கள். தரையில் அடித்த சிறு மரமுளையை, முழு ஓட்டத்தில் வரும் குதிரைமேலிருந்து குனிந்து ஈட்டியால் குத்திப் பெயர்க்க வேண்டும். முளையைத் தூக்கிக்கொண்டு குறித்த தூரம் போனால் 6 புள்ளி, பெயர்த்துவிட்டுத் தவறவிட்டால் 4, ஈட்டி பட்டால் மட்டும் 2. எதிரி முகாமுக்குள் விடியற்காலையில் புகுந்து கூடார முளைகளைப் பிடுங்கிப் போட்ட பழக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை, யானைப்படையை விரட்ட யானையின் கால் நகத்தைக் குறிபார்த்த பயிற்சியிலிருந்து வந்தது என்று இன்னொரு கதை. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் இதில் தனிநபர் தங்கம் வென்றவர் நம் ராணுவத்தின் ரூபிந்தர் சிங் பிரார். இன்றைக்கும் ராணுவமும் போலீஸ் குதிரைப்படைகளும்தான் இதைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு மாணவன் கைக்காசு போடாமல் குதிரை ஏறிப் பார்க்க வேண்டுமென்றால், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் என்.சி.சி. குதிரைப் பிரிவு மாதிரி ஓரிரு கதவுகள்தான் திறந்திருக்கின்றன.

இந்த விளையாட்டில் ஒரு பிரிவு நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பிடிக்கும். குதிரை பாய்ந்து வரும் வழியில் கயிற்றில் எலுமிச்சம்பழம் தொங்கும். ஓட்டத்திலேயே வாளால் அதை வெட்ட வேண்டும், அப்படியே குனிந்து முளையையும் எடுக்க வேண்டும். தென்காசியிலிருந்து மதுரை ரோட்டில் போனால் கடையநல்லூர் தாண்டிப் புளியங்குடி. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். சந்தையில் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடக்கும். பழத்துக்கு நமக்குப் பஞ்சமே இல்லை, குதிரைதான் பாக்கி.

அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் வடக்கே வாசுதேவநல்லூர். கிழக்கே ஒதுங்கினால் பாளையக்காரர் புலித்தேவனின் நெற்கட்டும்செவல். 1755-ல் ஆங்கிலேயக் கர்னல் ஹெரான் பீரங்கியோடு வந்து காரியம் ஆகாமல் திரும்பிய இடம். 1760 கடைசியில் ஆங்கிலேயர் பக்கத் தளபதி யூசுப் கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையில் முட்டிப் பார்த்துப் பின்வாங்கினார், அடுத்த வருடம்தான் இந்தக் கோட்டைகள் அவர் கைக்கு வந்தன. இந்தச் சண்டைகளைப் பதிந்து வைத்த ஆங்கிலேயர்கள், தென்னாட்டுக் காலாட்களின் கையில் பார்த்து மலைத்த ஆயுதங்களில் ஒன்று நீள ஈட்டி. 18 அடி நீளம் என்று எழுதுகிறார்கள்.

18 அடி என்று படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. தென்காசியில் சாரத்துக்கு மூங்கில் விற்கும் கடை ஒன்றில் போய் அந்த அளவுக்கு ஒரு கழி கேட்டேன். கடைக்காரர், “பந்தலா அண்ணாச்சி? ஒத்தக் கம்ப வச்சு என்ன பண்ணப் போறீய?” என்றார். பிடித்துப் பார்க்க என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உருவி எடுத்துக் கொடுத்தார். அடியைப் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினேன். நுனி தரையைப் பார்த்து வளைந்தது. மணிக்கட்டு நடுங்கியது. முனையில் இரும்பே இல்லாத வெறும் மூங்கிலுக்கு இந்தக் கதி. கடையில் வேலை பார்க்கிற பெரியவர் வந்து, “அப்படித் தூக்காதீய. கட்டைய மண்ணுல ஊணி, பாதத்த மேல வச்சு மிதிச்சுக்கோங்க” என்றார். மிதித்துக்கொண்டு சாய்த்துப் பிடித்தேன். கழி அசையவில்லை. நுனி, குதிரையின் மார்பு வரக்கூடிய உயரத்தில் நின்றது. அவர் சாரம் கட்டுகிறவர். வளை மூங்கிலை நிமிர்த்தி நிறுத்தும் வித்தை அவர் பிழைப்பு, அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்.

தனியாக ஒருவன் அப்படி நின்றால் குதிரை ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு வந்து அவனை முடித்துவிடும். ஐம்பது பேர் தோளோடு தோள் நின்றால் கதை வேறு. முள்வேலி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளுக்குள் எந்தக் குதிரையும் தானாகப் பாயாது. 1801-ல் பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றி நடந்த சண்டையில் சென்னை கவர்னரின் மெய்க்காவல் குதிரைப்படை ஈட்டிக்காரர்கள்மேல் பாய்ந்தது. ஈட்டிக்காரர்கள் பலர் விழுந்தார்கள். ஆனால் குதிரைப்படையின் தலைமை அதிகாரியே ஈட்டிக் குத்து வாங்கினார். அதே ஆண்டு மார்ச் 31 அன்று கோட்டைச் சுவரில் ஏறியவர்களுக்கும், சுவருக்குப் பின்னாலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் நீண்ட ஈட்டிகள்தான் வழிமறித்தன. மே 24 வரை கோட்டை விழவில்லை.

இங்கேதான் ஐரோப்பாவோடு ஒரு வேடிக்கையான பொருத்தம். அங்கே கவசக் குதிரை வீரர்களின் காலத்தை முடித்துவைத்தவர்களில் முக்கியமானவர்கள் சுவிட்சர்லாந்து மலைக் குடியானவர்கள். அவர்கள் ஈட்டியும் கிட்டத்தட்ட 18 அடிதான். 1477-ல் நான்சியில் பர்கண்டிக் கோமகன் சார்லஸின் படையை நொறுக்கினார்கள், கோமகனும் அந்தக் களத்திலேயே பிணமானார். போர்க்களத்தில் வேலை குறையக் குறைய, குதிரை ஈட்டி பிரபுக்களின் கொண்டாட்டமாகிக் கவசத்தில் நகைவேலை கூடியது. என் கணக்கில், இன்று உலகம் முழுக்க ஆடப்படும் இந்த விளையாட்டு தோற்றவர்களின் விளையாட்டு. 2014-ல் அதே சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரம் ஒரு பெரிய போட்டியை நடத்தியது. அருங்காட்சியகத்தில் இருக்கும் கவசங்களைப் பார்த்து அச்சாக அடித்த கவசம், அக்காலத்துச் சேணம் என்று வரலாற்றுக்கு மிக நெருக்கமாக நடத்தினார்கள். கொள்ளுத் தாத்தாக்கள் யாரைக் குதிரையிலிருந்து தள்ளினார்களோ, அவர்கள் வேஷத்தைப் பேரப்பிள்ளைகள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

நம் பக்கம் தோற்றது ஈட்டிக்காரன். அவனுக்குக் கொண்டாட்டமாக மாறும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ், அதாவது பிளாசி கிளைவின் மகன், ஒரு பிரகடனம் போட்டார். பாளையக்காரர் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மீறி வைத்திருந்தால் மரண தண்டனை. துப்பாக்கியோடு ஈட்டியும் அதில் அடக்கம். எக்ளிண்டன் பிரபுவால் 38 வருடம் கழித்து மழையில் நனைந்து விளையாட முடிந்தது, அவர் தாத்தா வீட்டு ஆயுதக் கொட்டடியை யாரும் பூட்டவில்லை என்பதால். இங்கே 18 அடி ஈட்டியைப் பத்துப் பேர் சேர்ந்து எப்படித் திருப்புவது, வரிசை கலையாமல் எப்படிப் பின்வாங்குவது என்ற கைப்பழக்கம் ஒன்றிரண்டு தலைமுறையில் வற்றிப்போயிருக்க வேண்டும். கம்பு பிழைத்தது. மாடு மேய்க்கவும் நாயை விரட்டவும் ஆகும் பொருளை யாராலும் தடைசெய்ய முடியாது. சிலம்பம் அப்படித் தப்பிப் பிழைத்து, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சிப் போட்டியாக ஏறிவிட்டது. சிலம்ப வாத்தியார்களிடம் வேல்கம்பும் இருக்கிறது, ஆனால் அது ஓராள் சுழற்றும் நீளம்.

ஆகவே குற்றாலத்து வாசகருக்கு என் பதில்: கவசமும் வேண்டாம், அரபுக் குதிரையும் வேண்டாம். நெற்கட்டும்செவலில் ஆண்டுதோறும் செப்டம்பர் 1 அன்று புலித்தேவன் பிறந்தநாளுக்குக் கூட்டம் சேர்கிறது, மாலை போடுகிறார்கள், மைக் பிடிக்கிறார்கள். அந்த மைதானத்தில் சிலம்பப் பிள்ளைகள் ஐம்பது பேரை 18 அடி மூங்கிலோடு வரிசையாக நிறுத்தலாம். முனையில் இரும்புக்குப் பதில் துணிப்பந்து. எட்டத்தில், முனைக்கு எட்டாத தூரத்தில், போலீஸ் குதிரை நாலு வந்து போனால் போதும். ஷாஃப்ஹவுசன்காரர்கள் கவசத்துக்குச் செய்த ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்கை நாம் இந்தக் கழிக்குச் செய்தால், எந்த மரம், எந்தப் பிடி, எத்தனை பேர் வரிசை என்று கையாலேயே கண்டுபிடித்துவிடலாம். செலவு மூங்கில் விலைதான். சாரம் கட்டும் அந்தப் பெரியவரைப் பயிற்சியாளராகப் போடச் சொல்லி நானே சிபாரிசு செய்வேன்.

பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்த ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: சிவகங்கைச் சின்ன மருது. 1801-ல் அதே வெல்ஷ் எதிர்ப்படையில் இருந்தார். அடுத்த வாரம் வளரி.