முருங்கை இருக்க ஃபீடர் எதற்கு?

திருப்பத்தூரில் இப்போது பல வீட்டு மாடிகளில் ஃபீடர் தொங்குகிறது. ஆன்லைனில் வாங்கியதுதான். ஒரு பிளாஸ்டிக் குழாய், அடியில் சின்னத் தட்டு, உள்ளே தினையோ கம்போ. மாட்டிய கொஞ்ச நாளில் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: “புறாவும் அணிலும்தான் சார் வருது. வேற குருவியே வரலையே, ஏன்?” டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், சொல்கிறேன்.

அந்த ஃபீடர் பனி பெய்யும் ஊர்களுக்காகச் செய்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் பூச்சிகள் அற்றுப்போகும், தரை பனியில் மூடிக்கொள்ளும். அப்போது விதை தின்னும் குருவிகளுக்கு ஒரு பிடி தானியம் பெரிய உதவி. நம் ஊரில் கதையே வேறு. வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி, தையில்தான் புழு பூச்சிக்குப் பஞ்சமே இல்லை. இன்னொன்று, நம் தோட்டத்துப் பறவைகளில் பாதிக்கு மேல் தானியத்தைத் தொடுவதே இல்லை. தவிட்டுக்குருவி சருகைக் கிளறிப் பூச்சி தேடும். கரிச்சான் மின்கம்பியில் உட்கார்ந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கும். தையல்சிட்டுக்குப் புழு. குயிலுக்கும் குக்குறுவானுக்கும் பழம். தேன்சிட்டுக்குப் பூ. அலகைப் பாருங்கள். குட்டையாக, தடித்து, முக்கோணமாக இருந்தால் அது விதை உடைக்கும் அலகு. சிட்டுக்குருவி, சில்லை இரண்டுக்கும் அப்படித்தான். அவற்றோடு புறாவையும் கிளியையும் சேர்த்தால் ஃபீடருக்கு வரக்கூடியவர்களின் பட்டியல் ஏறக்குறைய முடிந்தது. அந்தச் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும்.

தானியம் வைப்பதைக் குறை சொல்லவில்லை. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு மொட்டை மாடிக்கு வந்த கிளிகளுக்கு ஊறவைத்த அரிசியைப் பலகைகளில் பரப்பி வைக்கத் தொடங்கினார். பின்னாளில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. தன் வருமானத்தில் பெரும்பங்கை அதற்கே செலவிட்டார். அந்த மனசு பெரிது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அரிசி வைத்தால் அரிசி தின்பவைதான் வரும், அதுவும் கூட்டமாக. கிளிக்குப் பதில் மாடப்புறா கூடிவிட்டால் தொல்லை. அவற்றின் எச்சம் காய்ந்து தூசியாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். இதற்காகத்தான் 2025-இல் மும்பை மாநகராட்சி புறாவுக்குத் தீனி போடும் இடங்களை மூடியது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. புறாக்கள் ஏற்கெனவே நாடெங்கும் பெருகிவருகின்றன. அவற்றுக்கு நம் தயவு தேவையில்லை.

அப்படியானால் என்ன வைப்பது? உங்கள் கொல்லையில் நிற்கிற முருங்கையை முதலில் பாருங்கள். பூத்திருக்கும் நாளில் காலை ஏழு மணிவாக்கில் அதன் கீழே நின்றால் போதும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு வரும். நம் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பூங்காம்பைக் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கி, வளைந்த அலகை ஒவ்வொரு பூவாக விட்டு எடுக்கும். ஆணுக்கு முதுகில் செம்பழுப்பு, கழுத்தில் ஊதா, வயிற்றில் மஞ்சள். பெண்ணுக்கு வெளிர்சாம்பல் தொண்டை, மங்கிய மஞ்சள் வயிறு. பக்கத்தில் செம்பருத்தி இருந்தால் இன்னொரு வேலையைப் பார்க்கலாம். பூவின் வாய்வழியாக நுழைய முடியாதபோது அடிப்பக்கம் போய், பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துவிடும்.

அதன் கூட்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சிலந்திவலையால் கட்டி, மரப்பட்டைத் துணுக்கும் புழுவின் எச்சமும் ஒட்டி, செடி நுனியிலோ வாசல் கம்பியிலோ தொங்கவிடும். ஒட்டடை என்று துடைப்பத்தால் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. தட்டுவதற்கு முன் பக்கவாட்டில் சின்ன வாசல் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

முருங்கை என்றதும் கம்பளிப்பூச்சி நினைவுக்கு வரும். மழைக்காலத்தில் அடிமரத்தில் அப்பிக்கிடக்கும். பந்தம் கொளுத்தி எரிக்கிறார்கள், மருந்தும் அடிக்கிறார்கள். மற்ற பறவைகள் ஒதுக்குகிற அந்த மயிர்ப்புழுவை விரும்பித் தின்பவை குயில் இனத்துப் பறவைகள். அக்கக்கா குருவியும் சுடலைக்குயிலும் அதற்காக மரத்துக்கு வரும். வாசல் பக்கம் அப்பியிருப்பதை மட்டும் சோப்புத் தண்ணீரில் தள்ளிவிடுங்கள். மிச்சத்தை அவற்றுக்கு விடுங்கள். மரம் முழுக்க மருந்தடித்துவிட்டுக் குருவி வரவில்லை என்று வருந்துவது நியாயமில்லை.

கறிவேப்பிலையையும் உச்சியில் பழுக்க விடுங்கள். அந்தக் கருப்புப் பழத்துக்குச் சின்னானும் குயிலும் வரும். மதிலோரம் யாரும் நடாத கறிவேப்பிலைக் கன்று முளைப்பது அவற்றின் வேலை. வேப்பம்பழக் காலத்தில் பகலில் காகமும் மைனாவும், இரவில் பழந்தின்னி வௌவாலும்.

எனக்கு மிகவும் பிடித்த விருந்தாளி ஆறுமணிக் குருவி. வட இந்தியக் காடுகளில் முட்டையிட்டுவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே வந்து சேரும். பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணோரம் கருப்புப் பட்டை. இருட்டு பிரியும் நேரத்திலும் அந்தி சாயும் நேரத்திலும் இரண்டு சுரமாக விசிலடிக்கும். ஏலகிரி, ஜவ்வாது மலையடிவாரத்துக்கு மட்டுமல்ல, ஊருக்குள்ளும் வரும். எந்த ஃபீடரும் அதை வரவழைக்காது. அதற்கு வேண்டியது நிழலில் கிடக்கும் ஈரச் சருகும் அதன் அடியிலுள்ள புழுவும்தான். நாமோ கொல்லையைப் பளிச்சென்று பெருக்கி, சருகைக் குவித்துக் கொளுத்துகிறோம். ஒரு மூலையிலாவது சருகைக் கிடக்க விடுங்கள்.

இனி தண்ணீர். இந்தப் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பறவைக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணிக்கும், அதில் தண்ணீர் வெகுவாகச் செலவாகும். அதனால் பங்குனியிலிருந்து ஆனி வரை தீனியைவிடத் தண்ணீர்தான் உயிர்காக்கும். தானியம் தின்னாத பறவையும் தண்ணீருக்கு வரும் என்பதால் எல்லாரையும் பார்க்கவும் இதுவே வழி. அகலமான மண்தட்டு போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு கல், நிழலான இடம். பூனை பதுங்கும் புதருக்கு எட்டத்தில் இருக்கட்டும். தினமும் தண்ணீரை மாற்றி, தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு வாரம் விட்டால் டெங்கு கொசுவை நாமே வளர்த்ததாகிவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தோல் பதனிடும் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் எப்படிக் கெடுத்தது என்பதை உச்ச நீதிமன்றமே 1996-இலும் மறுபடி 2025 ஜனவரியிலும் தீர்ப்பாக எழுதியிருக்கிறது. உப்பேறிய போர் தண்ணீரைத் தட்டில் ஊற்றாதீர்கள். கடற்பறவைகளுக்கு உப்பை வெளியேற்றும் சுரப்பி உண்டு, குருவிக்கும் மைனாவுக்கும் அது கிடையாது. நீங்கள் குடிக்கிற காவிரிக் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ, அதிலேயே ஒரு சொம்பு.

இதே காரணத்தால் மீந்த பிரியாணியும் வேண்டாம். காரம் பிரச்சினையில்லை. கிளி மிளகாயை அப்படியே கடித்துத் தின்னும், பறவைக்கு மிளகாய் உறைப்பதே இல்லை. கெடுப்பது உப்பும் எண்ணெயும். காக்கைக்கு வைக்கிற வழக்கம் இருந்தால் உப்பில்லாத வெறும் சோறாக, தின்று தீர்கிற அளவுக்கு வையுங்கள். தட்டைக் கழுவாமல் விட்டால் நோய் பரவும். இங்கிலாந்தில் 2005 முதல் தொண்டையைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி ஃபீடர்கள் வழியாகவும் பரவி, கிரீன்ஃபிஞ்ச் என்ற குருவியின் எண்ணிக்கையையே சரித்துவிட்டது.

அணில் வந்தால் விரட்டாதீர்கள், அதுவும் விருந்தாளிதான். திடீரென்று எல்லாக் குருவிகளும் ஒரே நேரத்தில் மௌனமானால் மேலே பாருங்கள், வல்லூறு உட்கார்ந்திருக்கும். குரங்குக்கு மட்டும் எதையும் கொடுக்க வேண்டாம். ஏலகிரிச் சாலையில் வண்டியை நிறுத்தித் தின்பண்டம் கொடுத்துப் பழக்கியதால் அவை சாலைக்கே வந்து நிற்கின்றன.

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலக அளவில் நடக்கும் கொல்லைப்புறக் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் கலந்துகொள்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. உங்கள் கொல்லையிலேயே கால் மணி நேரம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் இ-பேர்டு செயலியில் பதிந்தால் போதும். நம் மாவட்டம் உருவானதே 2019 நவம்பரில்தான். அதன் பறவைப் பட்டியலை நிரப்ப வேண்டியவர்கள் இங்கே குடியிருக்கிற நாம்தான். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாமல் எழுதுங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள்.